மூணு லேப், ஒரே மெஷின்

காலை ஆறரைக்கு ரத்தம் எடுக்க வாசலில் லேப் பைக் வந்து நிற்கிறது, மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு மதுரையின் இந்த வேகம் பெரிய சந்தோஷம்தான். அந்த ரிப்போர்ட்டைப் பற்றி யாரிடம் கேட்பது என்பதில்தான் மனசு வெந்துபோகிறது.

பெரியம்மாவுக்கு டி.எஸ்.எச். 38. தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன் அது, தைராய்டு குறைந்தால் ஏறும்; 38 மிக அதிகம். ஆனால் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 1.3, அது சரியான அளவு. 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு நாள் தவறாமல் போடுகிறவர். சோர்வு, மலச்சிக்கல், எடை ஏற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் எண்ணைப் பார்த்ததும் சீட்டில் 100 என்று எழுதியாயிற்று. எழுபது தாண்டியவருக்குத் தேவையில்லாமல் தைராக்சின் கூடினால் நெஞ்சு படபடக்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

தல்லாகுளத்தில் ஒன்று, அண்ணா நகரில் ஒன்று என்று இன்னும் இரண்டு லேப். 36, 41. "மூணு இடத்துலயும் ஒண்ணு போல வந்திருக்குல்ல, இன்னும் என்ன சந்தேகம்?" என்றார்கள். ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். மூன்றிலும் ஒரே கம்பெனி மெஷின். கோளாறான ஒரே தராசில் மூன்று தடவை நிறுத்தது போலத்தான்.

டி.எஸ்.எச். அளக்கும் கிட்டில் இரண்டு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட பொருளில் போய் ஒட்டும் புரதங்கள், உண்டு. ஒன்று ஹார்மோனைப் பிடித்து வைக்கும், மற்றது மறுபக்கம் ஒட்டி ஒளி விடும். ஒளியை அளந்துதான் மெஷின் எண்ணைச் சொல்கிறது. பெரியம்மாவுக்கு முடக்குவாதம், அந்த நோயில் ரத்தத்தில் உருவாகும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ். அது, நடுவில் ஹார்மோனே இல்லாமல் அந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடக்கூடியது. சிலர் ரத்தத்தில் உள்ள, கிட்டின் விலங்கு ஆன்டிபாடிகளோடு ஒட்டும் ஹெட்டரோஃபில் ஆன்டிபாடியும் இதே வேலையைச் செய்யும்.

லண்டனில் டாக்டர் லேபுக்கு போன் போட்டால் பணியிலுள்ள பயோகெமிஸ்ட் பதில் சொல்வார். இங்கே பில் கவுண்டரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாலாவது லேபில் மட்டும் ஒரு மூத்த டெக்னீஷியன் முடக்குவாதம் உண்டா என்று தானாகவே கேட்டார். அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது. அங்கிருந்த வேறு கம்பெனி மெஷினில் 2.1, அதாவது நார்மல். பழைய லேபில் மீதமிருந்த சீரத்தையும் நீர்த்துப் பார்க்கச் சொன்னார். நிஜமான 38 என்றால் இரண்டு மடங்கு நீர்த்தால் 19, நாலு மடங்குக்கு 9.5 என்று வந்து, பெருக்கினால் பழைய எண்ணே கிடைக்க வேண்டும். வந்ததோ 11, 3. ஆக 38 பொய்.

மெஷின் மாற்றியும் குறையாவிட்டால் மேக்ரோ டி.எஸ்.எச்., அதாவது ஆன்டிபாடியோடு ஒட்டிப் பெரிதான டி.எஸ்.எச்., இருக்கலாம்; அதைப் படியவைத்துப் பிரித்துப் பார்க்க பி.இ.ஜி. சோதனை. முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்களுக்குச் சில மெஷின்களில் இதற்கு நேர்மாறாக டி.எஸ்.எச். பொய்யாக இறங்கும், இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

பெரியம்மா 50-லேயே தொடர்கிறார். எந்த மெஷினில் பார்க்க வேண்டும் என்று ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.