மனோரியில் ‘கடைசிப் படகு போயிடுச்சு’ என்றால் நம்பாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மும்பையின் வடமேற்கு ஓரத்தில் கடலை ஒட்டி இருக்கிற மனோரியில் நன்றாக ஏமாந்துவிட்டு வந்தோம். பேசிய 9,000 ரூபாய் போக, இன்னும் 5,000 போனது. மும்பைத் தமிழர்கள் பலர் மழை விட்டதும் கோராய், மனோரி என்று கிளம்புகிறீர்கள். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு செம்பூரில். நான், மனைவி, எட்டு வயது மகள், முழங்கால் வலியோடு அம்மா. இன்ஸ்டாகிராமில் ஒரு காட்டேஜ் பார்த்தோம். கடலைப் பார்த்த திண்ணை, இரண்டு தென்னை, நடுவில் ஒரு ஊஞ்சல். இரண்டு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து 9,000 என்று போனில் சொன்னார்கள். 6,000 அட்வான்ஸ் போட்டேன். அந்த ‘எல்லாம் சேர்த்து’ போனில் பேசியதோடு சரி. வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கத் தோன்றவில்லை.

மாலாட்டில் இறங்கி மார்வே போனால் படகுத்துறை. அக்கரைக்குப் பத்து, பதினைந்து நிமிஷம்தான். பைக்கும் மீன் கூடையும் மனிதர்களும் ஒன்றாக ஏறுகிற படகு. மனோரியில் பொம்பில் மீனை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுக் காயப்போட்டிருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் தூத்துக்குடிக்காரியான அம்மா, “ஊருக்கே வந்துட்ட மாதிரி இருக்குடா” என்றாள். அதுவரைக்கும் எல்லாம் சந்தோஷம்தான்.

படத்தில் பார்த்த காட்டேஜில் மோட்டார் பழுதாம். ஆட்டோவில் ஏற்றி ஊருக்குள்ளே வேறொரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கடலும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. ஒரு அறை, அதோடு ஹாலில் இரண்டு மெத்தை. ‘ஈஸ்ட் இந்தியன்’ எனப்படும் மும்பையின் பூர்வீகக் கிறிஸ்தவர்கள் வைக்கிற, பாட்டில் மசாலா போட்ட மீன் குழம்பு என்று ஆசை காட்டியிருந்தார்கள். மூன்று மணிக்கு வந்தது ஆறிப்போன சோறும் தண்ணீராக ஒரு பருப்பும். சரி, ஒரு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டோம்.

மாலை ஆறரைக்கு மேல் கேர்டேக்கர் ஒரு நோட்டோடு வந்தார். மீதி 3,000, அதோடு ஜெனரேட்டருக்கு 1,500. வெளிச் சாப்பாடு கொண்டுவந்ததற்கு 500. அந்த வெளிச் சாப்பாடு, அம்மா டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதம்! அப்புறம் டெபாசிட் 3,000, காலையில் திருப்பித் தருவார்களாம். முடியாது, கிளம்புகிறோம் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. “லாஸ்ட் ஃபெர்ரி கயா சாப். இது தீவு, எங்கே போவீர்கள்?” என்று சிரித்தார். இருட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா, தூக்கம் சொக்கும் குழந்தை. கட்டிவிட்டேன்.

இந்தப் பணமெல்லாம் செம்பூரிலேயே கேட்டிருந்தால் போனை வைத்திருப்பேன். மார்வேயில் கேட்டிருந்தாலும் திரும்பியிருப்பேன். தண்ணீரைத் தாண்டி, பொழுது சாயும்வரை காத்திருந்து கேட்டதுதான் அவர்கள் சாமர்த்தியம்.

மறுநாள் காலை படகுத்துறை டீக்கடையில் புலம்பினேன். கடைக்காரர் முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. படகு ராத்திரியும் ஓடுமாம். யோசித்தால் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வருகிற படகு ஆறரைக்கு நின்றால் அவர்கள் எப்படி வீடு சேர்வார்கள்? அதுகூடப் பரவாயில்லை, மனோரிக்கு ரோடே இருக்கிறது. கோராய், உத்தன் வழியாக பாயந்தர் வரை காரிலேயே போய்விடலாம். சுற்று வழிதான், ஆனால் வழி. மனோரி, கோராய், உத்தன் எல்லாம் சேர்ந்த நிலத்துக்குத் தாராவி பேட், அதாவது தாராவித் தீவு என்று பெயர். நம் ஆட்கள் வாழும் தாராவி வேறு, இது வேறு. ஓடையும் கடலும் சுற்றியிருப்பதால் தீவு என்பது சரிதான். ஆனால் பாயந்தர் பக்கம் தரைவழி உண்டு. போனை எடுத்து வரைபடத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ‘தீவு’ என்ற ஒரு சொல்லிலேயே நான் முடங்கிவிட்டேன்.

டெபாசிட் கதை இன்னும் மோசம். வீட்டுக்கு வந்தபின் ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போட்டால் 3,000 வந்துவிடும் என்றார்கள். போடப் போனேன். மனைவிதான் கையைத் தட்டிவிட்டாள். பின் நம்பர் போட்டால் நம் பணம்தான் போகும், வருவதற்கு எதற்குப் பின் நம்பர்? உங்களில் யாராவது அப்படிப் போட்டுவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் எண் வந்தது, பணம் வரவில்லை.

மனோரி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படகுத்துறை வரை அம்மாவின் பையைத் தூக்கி வந்த மீன்காரம்மா ஐந்து ரூபாய்கூட வாங்கவில்லை.

நேற்று அதே படம் வேறு பெயரில் வந்திருக்கிறது, இந்த முறை 7,500க்கு. ஊஞ்சலின் இடது சங்கிலியில் நீலக் கயிறு சுற்றியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.