‘புது ஸ்ட்ரெய்ன்’ ஊசி: காரைக்குடி வட்டார நாட்டுக்கோழிப் பண்ணையாளர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, கோட்டையூர், புதுவயல், தேவகோட்டைப் பக்கம் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) விழுந்த பண்ணையாகப் பார்த்து, பைக்கில் தெர்மாகோல் பெட்டியோடு வந்து ஒரு குப்பியை விற்கிறார்கள். "லசோட்டாவெல்லாம் பழைய சரக்குண்ணே, இப்ப சுத்துற வைரசு வேற, இது புது ஸ்ட்ரெய்னுக்குன்னே வந்தது" என்பதுதான் பேச்சு. லசோட்டா என்பது இந்த நோய்க்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசி, ஸ்ட்ரெய்ன் என்றால் வைரஸ் ரகம். விலை வழக்கமான மருந்தைப் போலப் பல மடங்கு. பில் கேட்டால் அடுத்த தடவை. வாங்கியவர்கள் பணத்தையும் இழந்தார்கள், மிச்சமிருந்த கோழியையும் இழந்தார்கள்.

இந்தப் பேச்சு எடுபடக் காரணம், அதில் பாதி உண்மை. லசோட்டாவும், இன்னொரு வழக்கமான தடுப்பூசியான எஃப் ஸ்ட்ரெய்னும் இரண்டாம் மரபணு வகையைச் சேர்ந்தவை. இன்று இந்தியாவில் கோழிகளைக் கொல்லும் வைரஸ்களில் பதின்மூன்றாம் வகையும் ஏழாம் வகையும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மரபணு வகை எத்தனை இருந்தாலும் இந்த வைரசுக்கு செரோடைப் (எதிர்ப்புப் பொருள் அடையாளம் காணும் வகை) ஒன்றே ஒன்றுதான். உடம்பில் எதிர்ப்புப் பொருள் போதுமான அளவு இருந்தால் பழைய ஊசியே சாவைத் தடுக்கும். தடுக்க முடியாதது தொற்றையும், எச்சத்தில் வைரஸ் வெளியேறுவதையும்தான். ஊசி போட்ட கோழி நன்றாக மேயும், அதன் எச்சத்திலிருந்து ஊசி சரியாக ஏறாத கோழிக்குச் சீக்கு போகும். ஆகவே ஊசி போட்ட பண்ணையில் கொத்தாகச் சாவு விழுந்தால், ஸ்ட்ரெய்னைக் குறை சொல்வதற்கு முன் மருந்து உயிரோடு கோழிக்குள் போனதா என்று பாருங்கள்.

அந்தக் குப்பிக்கு வருவோம். மேலே ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். நல்ல குப்பியில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, ஸ்ட்ரெய்னின் பெயர் எல்லாம் இருக்கும். பெட்டியில் ஐஸும் இல்லை. உயிருள்ள தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பங்குனி வெயிலில் பைக்கில் சுற்றிய மருந்து வெறும் தூள். குடிதண்ணீரில் கலக்கச் சொன்னதுதான் இன்னும் மோசம். ஏழாம் வகைக்கென்று சீனாவிலும் இந்தோனேசியாவிலும் விற்கும் தடுப்பூசிகள் பெரும்பாலும் வைரஸைக் கொன்று எண்ணெயில் குழைத்தவை; பால் போல இருக்கும், ஊசியாகத்தான் போட வேண்டும். தண்ணீரில் ஊற்றினால் ஒரு பயனும் கிடையாது.

கல்லல் பக்கம் ஒரு பண்ணையில் நாலு வாரக் குஞ்சுகளுக்கு இதே ஆட்கள் தாங்களே ஊசி போட்டுவிட்டுப் போனார்கள். சில நாளில் கால் இழுத்தது, கழுத்து திருகியது. "பார்த்தீங்களா, புது வைரசு" என்று இரண்டாவது குப்பியையும் விற்றார்கள்! நாலு வாரத்தில் ஆர்2பி என்ற தடுப்பூசியைப் போட்டாலும் இதேபோல்தான் ஆகும். அது வீரியம் கூடிய ஸ்ட்ரெய்ன். முன்னதாக லசோட்டா போட்டு, எட்டு வாரம் தாண்டிய கோழிக்குத்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சீக்கு பதுங்கியிருந்த குஞ்சாக இருந்தால் ஒரே ஊசியை எல்லாவற்றுக்கும் குத்தியதே நோயைப் பரப்பியிருக்கும். குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டதால் எது காரணம் என்று சொல்ல வழியில்லை.

முறை இதுதான்: 5 முதல் 7 நாளில் எஃப் அல்லது லசோட்டா கண் சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா பூஸ்டர், எட்டாம் வாரம் ஆர்2பி 0.5 மில்லி தோலுக்கடியில். சொட்டு மருந்துக்கு ஆயிரம் டோசுக்கு 30 மில்லி கரைப்பான். சிரிஞ்சால் கரைப்பானை விடும்போது குப்பி தானே உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, போடாதீர்கள். கரைத்ததை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். பூஸ்டரைத் தண்ணீரில் கொடுப்பவர்கள் அதிகம். தப்பும் அதிகம் அங்கேதான். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் நகராட்சிக் குழாய் வழியாக வந்தால் குளோரின் இருக்கும், அது வைரஸைக் கொன்றுவிடும். கிணற்று நீர் எடுத்து, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து சற்று வைத்து, பிறகு மருந்தைக் கலக்குங்கள். முந்தின நாளே இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துகொண்டால் மிச்சம் தேங்காது. கலக்கும் டப்பாவை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு "மருந்து பிடிக்கல" என்பவர்களும் இருக்கிறார்கள்.

"எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று விற்கும் மாதக் குஞ்சையும் இதே கண்ணோடு பாருங்கள். ஊசி போட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்துப் பத்துக் கோழியில் ரத்தம் எடுத்து எச்.ஐ. டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) பார்த்தால் தெரிந்துவிடும். 1:16-க்குக் கீழே பல கோழிகள் இருந்தால் ஊசி ஏறவில்லை.

சாவு தொடங்கிவிட்டால் யாரிடமும் எந்தக் குப்பியும் வாங்காதீர்கள். பறவைக் காய்ச்சலும் இதே தோற்றத்தில் வரும் என்பதால், அப்போது செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல் பாலிதீன் பையில் கட்டி ஐஸில் வைத்து, கால்நடை மருத்துவர் வழியாக மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புங்கள். மற்றதைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். கண்மாயில் வீச வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் காலிக் குப்பி, ஸ்டிக்கர், பணம் அனுப்பிய விவரம், வண்டி எண் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாமில் இதே நோய்க்கு ஊசி இலவசம்.