காந்தி ரோட்டுச் சந்தில் ஒரு தங்கும் விடுதி

வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் எனப் பல இடங்களிலிருந்தும் வருவோர் வாரக்கணக்கில் தங்க நேர்வதால், சுற்றியுள்ள விடுதிகள் பல அறையோடு அடுப்பையும் பாத்திரங்களையும் சேர்த்தே வாடகைக்குத் தருகின்றன. அத்தகைய விடுதி ஒன்றில், ரம்ஜான் நோன்புக் காலத்தில், என் மாமியாரின் அறுவை சிகிச்சைக்காகத் தங்கியிருந்தோம். நடத்துவது ஒரு கிறிஸ்தவக் குடும்பம், நாங்கள் சைவ சமயத்தவர். பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரான அம்மையார் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன்.

அறைகள் சுத்தம். லிஃப்ட் இல்லை. குழாய்த் தண்ணீர் உப்பு. பங்குனி வெயிலில் மேல்மாடி அறை வேலூருக்கே உரிய அடுப்பு.

இவ்விடுதியின் சிறப்பு அதன் பொதுச் சமையலறை. அடையாள அட்டையைப் பதிந்தபின் அம்மையார் கேட்கும் கேள்வி, "எதைச் சாப்பிடமாட்டீர்கள்?" என்பது மட்டுமே. அதற்கேற்ப அடுப்பு ஒதுக்கப்படுகிறது. அசைவத்துக்கும் சைவத்துக்கும் பாத்திரங்கள் வெவ்வேறு நிறப் பூச்சால் பிரிக்கப்பட்டுள்ளன. வெங்காயமும் பூண்டும் தொடாத ஜெயின் குடும்பம் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும்படி அவர்களுக்கு மாலையில் முதல் முறை தரப்பட்டது. நோன்பிருந்த வங்காள முஸ்லிம் குடும்பத்தினரைச் சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய உணவுக்கு எழுப்பும் பொறுப்பு இரவுக் காவலாளியுடையது. மீன் வாடை குறித்து ஒருவர் முறையிட்டபோது, அம்மையார் மீனைத் தடை செய்யாமல் முறையிட்டவரின் அடுப்பைச் சன்னலோரம் மாற்றிக் கொடுத்தார். எனக்கு அது மிகச் சரியான தீர்ப்பாகப் பட்டது.

ஞாயிறு மாலை முன்கூடத்தில் குடும்ப ஜெபம் நடக்கும், யாரையும் அழைப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, நெற்றி நிறைய விபூதியோடு இருந்த என் மாமியார், தாமாகவே அம்மையாரிடம் தமக்காக ஜெபிக்கச் சொன்னார். "நான் இயேசுவின் பேரால்தான் ஜெபிப்பேன், பரவாயில்லையாம்மா?" என்று கேட்டு, ஒப்புதல் பெற்ற பிறகே அம்மையார் கண்மூடி ஜெபித்தார். எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்பும் நல்லிணக்கத்தைவிட, தம் நம்பிக்கையை மறைக்காமலும் பிறர்மீது திணிக்காமலும் இருந்த இந்த நேர்மையையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

இந்த ஊருக்கு இது புதிதன்று. திண்டிவனத்தில் ஒரே இரவில், ஆண் மருத்துவரை அனுமதிக்காத ஒரு பிராமணக் குடும்பத்திலும் ஒரு முஸ்லிம் குடும்பத்திலும் மற்றோர் இந்துக் குடும்பத்திலும் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததே அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்கத் தூண்டியது; 1900-இல் வேலூரில் அவர் தொடங்கிய ஒற்றைப் படுக்கைச் சிகிச்சை நிலையமே இன்றைய சி.எம்.சி. நேசிக்க வேண்டிய பிறன் யார் என்ற கேள்விக்கு இயேசு சொன்ன கதையிலும், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்றவன் யூதர்கள் ஒதுக்கிய சமாரியன். அம்மையார் இவற்றையெல்லாம் எடுத்துப் பேசுபவர் அல்லர். கேட்டால் அடுப்பு முறைப் பட்டியலைக் காட்டுவார்.

குறைகளும் உண்டு. வரவேற்பு மேசையில் கிடக்கும் துண்டுப் பிரசுரங்களை யாரும் நீட்டுவதில்லை என்றாலும், நோயாளியோடு கலங்கி வருபவர் கண்ணில் அவை முதலில் படாமல் இருப்பது நல்லது. விதிமுறைப் பலகை தமிழிலும் இந்தியிலும் மட்டுமே உள்ளது, வங்காள மொழியில் இல்லை. இரவு பத்து மணிக்குக் கதவு அடைக்கப்படுகிறது, அவசரத்துக்கு மணி அடிக்கலாம். படியேற முடியாத நோயாளி இருந்தால் கீழ்த்தள அறையை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். அங்கே இரண்டு அறைகள்தாம் உள்ளன.