மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் பேட்டரியை சீட்டுக்கு அடியில் மாற்றிய கதையும், தக்கலை தாண்டி ஒரு பட்டறையும்

பானெட்டுக்குள் இருந்த பேட்டரியை இடது சீட்டுக்கு அடியில் கொண்டு வந்தாயிற்று. வேலை அருமை. ஆனால் பில் போடுகிற விஷயத்தில் அந்தப் பட்டறை சரியில்லை, அதுக்கு அப்புறம் வருகிறேன்.

மாற்றக் காரணம் இரண்டு. பவர் ஸ்டீயரிங் போட்ட பிறகு அந்தப் பக்கம் கை நுழைய இடமில்லை, ஒரு டெர்மினலைத் துடைக்கவே பாதி சாமானைக் கழற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது சூடு. பேச்சிப்பாறை தாண்டி ரப்பர் தோட்டத்து ஏற்றங்களில் முதல் கியரிலேயே முக்கிக்கொண்டு போகிற வண்டி, அந்த பெஜோ டீசல் இன்ஜின் விடுகிற சூட்டில் லெட் ஆசிட் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

டிரைவர் சீட்டுக்கு அடியில் டீசல் டேங்க் இருப்பதால் அந்தப் பக்கம் பேச்சுக்கே இடமில்லை. பின்னால் கொண்டுபோய் வைக்கலாம், ஆனால் கேபிள் நீளும், நீள நீள ஸ்டார்ட்டருக்குப் போகிற வோல்டேஜ் குறையும். அதனால் இடது சீட்.

மேஸ்திரி அண்ணனிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்: பெட்டியைப் பற்றிப் பேசாமல் முதலில் கேபிளை எடுத்துப் போட்டார். "பெட்டி எவனும் செய்வான் சார், கேபிள்லதான் விஷயமே கெடக்கு." டீசல் ஸ்டார்ட்டர் சுற்றும்போது சில நூறு ஆம்பியர் இழுக்கும். கணக்குப் போட்டால் 16 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள் 2 மீட்டருக்கு, 300 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கும் மேலே போய்விடும். 50 போட்டால் 0.2 வோல்ட் அளவுதான். அவர் போட்டது 50. கேபிள் முனையில் மாட்டுகிற லக்கை சுத்தியலால் தட்டி அமுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற உறை) ஏற்றினார், எங்கள் வீடு குளச்சல் பக்கம் என்று சொன்னதால் உள்ளே கிரீஸும் தடவினார். உப்புக்காற்றில் திறந்து கிடக்கிற காப்பர் பச்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

எர்த்தை இன்னும் கவனமாகச் செய்தார். நெகட்டிவை பாடி தகரத்தில் மாட்டாமல், சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளி மாதிரி பளபளவென்று வந்த பிறகுதான் போல்ட் போட்டார். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் இன்ஜினில் இருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு பட்டை. பலர் விடுகிற இடம் இது, விட்டால் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும், அந்த ஒயர் சுட்டுக் கருகிவிடும்.

பிராக்கெட் வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியோடு ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றி வைத்தார், நான் சொல்லவே இல்லை. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகரம்) கேபிள் நுழைகிற ஓட்டைக்கு ரப்பர் கிராமெட், அதாவது வளையம், உண்டு. ஸ்டார்ட்டர் கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது, ஒரு இடத்தில் உரசி இரும்பைத் தொட்டால் தீதான், அதனால் இதில் கஞ்சத்தனம் கூடாது.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. பெட்டிக்கு முதலில் காற்றே போகாத மூடி போட்டிருந்தார்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், சீட்டுக்கு அடியில் அது அடைபட்டுக் கிடப்பது ஆபத்து என்று சொன்ன பிறகுதான் வென்ட் குழாய் வைத்து தரைக்குக் கீழே இறக்கினார்கள். பேட்டரியைத் துண்டிக்கிற கட்-ஆஃப் சுவிட்சும் நான் கேட்டுத்தான் வந்தது. (இன்ஜின் ஓடும்போது அதைத் திருப்பாதீர்கள், மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின் நிற்காது, ஆல்டர்னேட்டர் டயோடுதான் போகும்.)

இனி பில். முதலில் சொன்னது ஒன்று, கடைசியில் வந்தது சுமார் 6,500 ரூபாய், "கேபிள் விலை ஏறிப்போச்சு" என்று ஒரே பதில். அநியாயம் என்று சொல்லமாட்டேன், காப்பர் விலை தெரிந்ததுதான், ஆனால் துண்டுச்சீட்டில் எழுதிக் கேட்டால் முகம் சுருங்குகிறது. போகிறவர்கள் கேபிள் எத்தனை மீட்டர், என்ன சைஸ், கூலி எவ்வளவு என்று வண்டியை விடுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இப்போது காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. சுற்றும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 0.3 வோல்ட்டைத் தாண்டவில்லை. இடது சீட்டின் உயரம் ஒரு விரல்கடை கூடிவிட்டது, பக்கத்தில் உட்காருகிற மச்சானுக்கு மட்டும் தலை இடிக்கிறது.