அழிந்த கேள்விகளை மீட்க எது கைகொடுக்கும்: கூகுள் ஃபார்ம்ஸா, கோபோவா?

வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்புகளை எங்கள் குழு கூகுள் ஃபார்ம்ஸிலிருந்து கோபோ டூல்பாக்ஸ் என்னும் களக் கணக்கெடுப்புக் கருவிக்கு மாற்றியபோது, "நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, எதற்கு மாற்றம்?" என்று பலரும் கேட்டார்கள். எங்கள் படிவத்தைப் பல பேர் திருத்துகிறார்கள். பல கைகள் படும் படிவத்தில் என்றாவது ஒரு நாள் ஒரு பகுதி தவறுதலாக அழியும். அப்படி அழிந்தபின் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம்.

மற்ற விஷயங்களில் இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை. தமிழில் கேள்வி எழுதலாம், கைப்பேசியில் நிரப்பலாம், சிறிய வேலைகளுக்குக் காசு கேட்பதில்லை. பார்த்தவுடன் புரிவதில் கூகுளுக்கு நிகர் இல்லை. இதை யாரும் மறுக்கப் போவதில்லை என்பதால் மீட்பு விஷயத்துக்கு வருகிறேன்.

கூகுள் ஃபார்ம்ஸில் ஒவ்வொரு பிரிவின் தலைப்புக்குப் பக்கத்திலும் மூன்று புள்ளி மெனு இருக்கும். அதில் பிரிவை நீக்குவதும், மேலே உள்ள பிரிவோடு சேர்ப்பதும் அடுத்தடுத்து இருக்கின்றன. சேர்ப்பதால் கேள்விகள் அப்படியே இருக்கும். நீக்கினால் அந்தப் பிரிவின் கேள்விகள் எல்லாமே போய்விடும். போனது உடனே கண்ணில் பட்டால் கவலை இல்லை. செயல்தவிர் பொத்தானையோ கண்ட்ரோல் இசட்டையோ அழுத்தினால் திரும்பி வந்துவிடும். ஆனால் அந்த வசதி திறந்திருக்கும் அந்தப் பக்கத்தோடு சரி. பக்கத்தைப் புதுப்பித்தாலோ மூடினாலோ அது கையை விட்டுப் போகும். அதனால் கேள்வி காணாமல் போனது தெரிந்ததும், படிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் முதலில் சொல்ல வேண்டியது: யாரும் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள்.

அந்த வாய்ப்பும் தப்பிவிட்டால் கேள்வியின் வாசகத்தையாவது தேடிப் பிடிக்கலாம். இதற்கு நாம் நினைப்பதைவிட அதிக இடங்கள் உண்டு. படிவத்தை நிரப்பத் திறந்து அப்படியே விட்டவர்களின் கைப்பேசியில், புதுப்பிக்காதவரை பழைய கேள்விகள் தெரியும்; அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லலாம். நிரப்பியவருக்கு அவருடைய பதில்களின் நகலை மின்னஞ்சலில் அனுப்பும் வசதியை இயக்கியிருந்தால், அந்த மின்னஞ்சலில் கேள்வியும் சேர்ந்தே போயிருக்கும். பதில்களைக் கூகுள் ஷீட்ஸோடு முன்பே இணைத்திருந்தால், நீக்கிய கேள்வியின் பத்தி (நெடுவரிசை) அங்கே தலைப்போடும் பதில்களோடும் நிற்கும். படிவத்தின் நகல் ஒன்று டிரைவில் இருந்தால் இன்னும் நல்லது. கேள்விகளை இறக்குமதி செய்யும் பொத்தான் மூலம் அந்த நகலிலிருந்து வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளலாம். படிவமே முழுதாக அழிந்திருந்தால் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும்.

இவ்வளவு வழி இருக்கும்போது என்ன குறை என்று தோன்றும். வாசகம் கிடைத்தால் கேள்வியே கிடைத்துவிட்டதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கூகுள் ஃபார்ம்ஸ் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. நாம் பார்ப்பது வாசகத்தை. கருவி பார்ப்பது எண்ணை. அழிந்த கேள்வியை எழுத்துக்கு எழுத்து அப்படியே மறுபடி தட்டினாலும், நகலிலிருந்து இறக்குமதி செய்தாலும், அது புதிய எண்ணோடுதான் பிறக்கும். டி.சி. வாங்கிப் போன பிள்ளை அதே பள்ளிக்குத் திரும்பி வந்தால் புதுச் சேர்க்கை எண் தருவார்களே, அந்த மாதிரி. விளைவாக ஷீட்டில் ஒரே தலைப்பில் இரண்டு பத்திகள் வந்து நிற்கும். அழிவதற்கு முன் வந்த பதில்கள் ஒன்றில், பின் வந்தவை இன்னொன்றில். முன்கூட்டியே பதில் நிரப்பி அனுப்பும் இணைப்புகளில் இந்த எண்தான் பொதிந்திருக்கிறது. எனவே அந்த இணைப்புகளும் அந்தக் கேள்வியை நிரப்பாது. "இந்தப் பதில் சொன்னால் அந்தப் பிரிவுக்குப் போ" என்று அமைத்த வழிகளையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு கேள்வி என்றால் சமாளிக்கலாம். தனித் தாளில் ஓர் இஃப் சூத்திரம் போட்டு இரண்டு பத்தியையும் ஒன்றாக்கிவிடலாம். ஆனால் அழிந்தது ஒரு முழுப் பிரிவு, அதில் குடிநீர், கழிப்பறை, ரேஷன், கடன் என்று வரிசையாகக் கேள்விகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேடிச் சேர்க்க வேண்டும். நடுவில் தேர்வுப் பதில் ஒன்றின் எழுத்து மாறியிருந்தால்கூட எண்ணிக்கை பிசகும். 'குழாய் நீர்' ஒரு வகையாகவும் 'குழாய்நீர்' இன்னொரு வகையாகவும் எண்ணப்படும். அறிக்கையில் அது தப்பான சதவீதமாகப் போய் உட்கார்ந்த பிறகு யார் கண்டுபிடிப்பது?

கோபோவில் கேள்வியின் அடையாளத்தை நாமே வைக்கிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் வாசகம் தவிர, தரவுப் பத்திக்கான பெயர் ஒன்று உண்டு. கேள்வி அழிந்தாலும், அதே பெயரோடு மறுபடி சேர்த்தால் பழைய பதிலும் புதிய பதிலும் ஒரே பத்தியில் வந்து சேரும். கேள்வி ஏதாவது ஒரு கேள்விக் குழுவுக்குள் (கூகுளின் பிரிவு மாதிரி) இருந்திருந்தால் அந்தக் குழுவின் பெயரும் பழையபடியே இருக்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. பெயரை நாமே ஆங்கில எழுத்தில், சுருக்கமாகத் தட்டிவிட வேண்டும். தமிழ் வாசகத்தைப் பார்த்துக் கருவி தானாக வைக்கும் பெயரை நம்பி விட்டுவிட்டால், மீட்கும் நாளில் எந்தப் பெயர் எதற்கு என்று தெரியாமல் திணற வேண்டியிருக்கும்.

இன்னொரு பெரிய நிம்மதி, கோபோவில் திருத்துவது வேறு, வெளியிடுவது வேறு. படிவத்தில் ஒரு பகுதியை நீக்கிச் சேமித்தாலும், மறுபடி வெளியிடும் வரை களத்தில் இருப்பவர்களுக்குப் பழைய படிவமே போகும். கூகுள் ஃபார்ம்ஸில் திருத்தம் தானாகச் சேமிக்கப்பட்டு, அடுத்து திறப்பவருக்கு அப்படியே தெரியும்.

தப்பான படிவம் வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கோபோவின் படிவப் பக்கத்தில் இதுவரை வெளியிட்ட பதிப்புகள் தேதியோடு வரிசையாக இருக்கும். பகுதி அழியாமல் இருந்த பதிப்பைத் தேடி, அதைப் புதிய திட்டமாக (கோபோவில் ஒவ்வொரு கணக்கெடுப்பும் ஒரு திட்டம்) நகலெடுக்கச் சொல்லலாம். புதிய திட்டத்தில் பதில்கள் இருக்காது, படிவம் மட்டும்தான். அதை எக்ஸெல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். இப்போதைய படிவத்தையும் அப்படியே இறக்குங்கள். இரண்டிலும் கேள்விகள் ஒரு தாளிலும், தேர்வுப் பதில்கள் இன்னொரு தாளிலும் இருக்கும். பழைய கோப்பில் அந்தக் குழு தொடங்கும் வரியிலிருந்து முடியும் வரி வரை நகலெடுத்து, புதிய கோப்பில் உரிய இடத்தில் ஒட்டுங்கள். தேர்வுப் பதில்களையும் மறக்காமல் எடுத்துவர வேண்டும். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். அப்புறம் மற்ற கேள்விகளின் நிபந்தனைப் பத்தியை, அதாவது எந்தப் பதில் வந்தால் அந்தக் கேள்வியைக் காட்ட வேண்டும் என்று எழுதிய பத்தியை, ஒருமுறை பாருங்கள். அழிந்த கேள்வியைச் சார்ந்திருந்த நிபந்தனை ஏதாவது காணாமல் போயிருக்கலாம். கடைசியாக, அசல் திட்டத்தில் படிவத்தை மாற்றும் வசதி வழியாக இந்தக் கோப்பை ஏற்றி, மறுபடி வெளியிட்டால் வேலை முடிந்தது. தரவை இறக்கும்போது எல்லாப் பதிப்புகளின் பதில்களையும் சேர்க்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இது எப்படி இவ்வளவு ஒழுங்காக அமைந்தது என்பதற்குக் காரணம் உண்டு. கோபோவின் அடித்தளம், 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய ஓடிகே என்னும் திறந்தமூலக் கருவி. நெட்வொர்க் இல்லாத ஊர்களில் கைப்பேசியில் நிரப்பி, பிறகு சிக்னல் கிடைக்கும் இடத்தில் அனுப்புவதற்காக உருவானது அது. இன்று படிவம் மாறினாலும் முந்தின வாரம் பழைய படிவத்தில் நிரப்பியவை நாளைதான் வந்து சேரும். அதனால் பழைய பதிப்புகளை நினைவில் வைத்திருப்பது அதற்குக் கட்டாயம். நமக்கு அது மீட்பு வசதியாகப் பயன்படுகிறது.

கோபோவுக்கும் செலவு உண்டு, நேரமாக. நிபந்தனை எழுதும் முறையும் எக்ஸெல் அமைப்பும் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். இலவசக் கணக்கில் பதில்களுக்கும் சேமிப்பிடத்துக்கும் வரம்பு இருக்கிறது. பெரிய கணக்கெடுப்பு என்றால் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான பதில்கள் குவிந்த படிவத்தில் மேலே சொன்ன மீட்பைச் செய்த அனுபவம் எனக்கு இல்லை. நடுத்தர அளவில் பிசகில்லாமல் வந்தது என்று மட்டும் சொல்ல முடியும்.

இதே வேலைக்கு வேறு இரண்டு கருவிகளின் பெயர்களும் அடிபடும். குவால்ட்ரிக்ஸில் நீக்கிய கேள்வி படிவத்தின் அடியில் உள்ள குப்பைத் தொட்டியில் போய் விழும். அங்கிருந்து மீட்டால் அதன் பதில்களும் கூடவே வரும். மீட்பை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் அதுதான் முதலிடம். ஆனால் பல்கலைக்கழகமோ பெரிய நிறுவனமோ உரிமம் வாங்கித் தந்தால்தான் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும். லைம்சர்வே வேறு வழியில் போகிறது. கணக்கெடுப்பு நடப்பில் இருக்கும்போது கேள்வியைச் சேர்க்கவோ நீக்கவோ அது விடாது. ஒரு கேள்விக் குழுவை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து வைத்து, தேவைப்பட்டால் மறுபடி ஏற்றவும் முடியும். அதை நான் சோதித்துப் பார்த்ததோடு சரி. களத்துக்கு எடுத்துப் போனதில்லை.

ஒருவரே திருத்தும் படிவம், ஒரு வாரத்தில் முடியும் வேலை, திருமண வருகைப் பட்டியல், சங்கக் கூட்டத்துக்குப் பெயர்ப்பதிவு என்றால் கூகுள் ஃபார்ம்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதில் வரும் முன்பே ஷீட்ஸோடு இணைத்துவிடுங்கள். பெரிய திருத்தம் எதற்கும் முன் படிவத்தை நகலெடுத்து, பெயரில் தேதி போட்டு வையுங்கள். மாதக்கணக்கில் நடக்கும் கணக்கெடுப்பு, திருத்துபவர்கள் இரண்டு பேருக்கு மேல் என்றால் கோபோவுக்கு மாறுங்கள். அதையும் புதிய கணக்கெடுப்பு தொடங்கும்போது செய்யுங்கள். பாதியில் மாறினால் இரண்டு கருவிகளின் பத்திகளையும் நீங்களே கையால் பொருத்த வேண்டிவரும்.