கல்லா மேசைக்கு வந்த வசூல் போன்கள்: ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புச் சேவை எப்படி?

ஈரோட்டில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் பில் போடுகிறேன். கடைக்கு லேண்ட்லைன் ஒன்றே ஒன்றுதான். அது முதலாளியின் கல்லா மேசையில், சாமி படத்துக்குக் கீழே இருக்கும். வேறு யாரும் எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. கடன் வசூல் ஆட்கள் என்னைத் தேடி வந்தது அந்த போனில்தான்.

2023 கடைசியில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஒரு செயலி வழியாக 60,000 ரூபாய் வாங்கினேன். மாதம் 5,674 தவணை. நாலு மாதம் கட்டினேன், அப்புறம் இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. தப்பு என்னுடையதுதான், பூசி மெழுக ஒன்றுமில்லை. முதலில் செல்லுக்கு அடித்தார்கள். நான் ஒரு வாரம் எடுக்காமல் இருந்தேன். எட்டாவது நாள் கடை போன் அடித்தது.

முதலாளி கொஞ்ச நேரம் கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏப்பா, கோர்ட்ல இருந்து பேசறாங்களாமா. உன்னைய அரெஸ்ட் பண்ண ஆள் வருதாம். என்ன பண்ணி வெச்சே?" என்றார். கவுண்டரில் பைப் வாங்க வந்த பிளம்பர்கள் இரண்டு பேர், மூட்டை இறக்குகிற அண்ணன், டீ கொண்டுவந்த பையன், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அன்றைக்கு அரை இஞ்ச் எல்போவுக்கு முக்கால் இஞ்ச் விலை போட்டுவிட்டேன். அந்தக் கஸ்டமர் மறுநாள் வந்து சண்டை போட்டார், அது வேறு கதை.

அடுத்த பத்து நாளில் கடைக்கு மட்டும் பதினான்கு போன். பழைய பில் புக் ஒன்றின் பின் அட்டையில் எழுதி வைத்தேன்: தேதி, நேரம், காலர் ஐடியில் விழுந்த நம்பர், என்ன சொன்னான். "மாலை 7.20, கடை. முதலாளியிடம் 'உங்க கடையில ஒரு ஃபிராடு இருக்கான்' என்றான்." இப்படி வரி வரியாக. ஆத்திரத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த அட்டைதான்.

இனி சேவையைப் பற்றி. 2021 நவம்பர் 12 முதல் ரிசர்வ் வங்கி ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) திட்டம் என்று ஒன்றை நடத்துகிறது. அதற்கு முன் வங்கிக்கு ஒன்று, என்.பி.எஃப்.சி.க்கு (வங்கி அல்லாத நிதி நிறுவனத்துக்கு) ஒன்று, டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைக்கு ஒன்று என்று மூன்றாக இருந்ததைச் சேர்த்துவிட்டார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆன்லைனில் பதியலாம். கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர்கள் தமிழிலேயே கடிதம் எழுதி சண்டிகரில் இருக்கும் மையத்துக்கு அனுப்பலாம். 14448 என்ற இலவச எண்ணில் எப்படிப் புகார் கொடுப்பது என்று தமிழிலும் வழி சொல்கிறார்கள். நான் இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் பேசியவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு மாதமாக போனில் வசவு மட்டுமே கேட்டவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

ஆனால் நேரே அங்கே போக முடியாது. முதலில் கடன் கொடுத்தவனுக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோதான் ரிசர்வ் வங்கியிடம் போகலாம். நான் நாலாவது நாளே தளத்தில் ஏறிப் பார்த்தேன். நிறுவனத்துக்கு என்றைக்குப் புகார் கொடுத்தாய் என்று கேட்கிறது, அங்கேயே கதவு மூடிவிட்டது. விதி நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் தினமும் கல்லா மேசை போன் அடிக்கிறவனுக்கு 30 நாள் என்பது ரொம்ப ரொம்ப அதிகம். இந்தச் சேவையில் நான் மார்க் குறைப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

யார் மேல் புகார் என்பதிலும் ஒரு சிக்கல். செயலி வேறு, கடன் கொடுத்த நிறுவனம் வேறு. கடன் ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தபோதுதான் அந்த என்.பி.எஃப்.சி.யின் பெயரே தெரிந்தது. (பெயரை இங்கே எழுதப்போவதில்லை.) அது ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனமாக இருந்தது என் அதிர்ஷ்டம். பதிவே இல்லாத செயலிக்காரன் என்றால் ஆம்புட்ஸ்மேன் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டினால் சைபர் கிரைமின் 1930 இருக்கிறது.

புகாரில் என்ன எழுதுவது? "ரொம்பத் தொந்தரவு செய்கிறார்கள்" என்று புலம்பினால் போதாது. 2022 ஆகஸ்ட் 12-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் இழுக்கக் கூடாது. பொய் சொல்லிப் பேசக் கூடாது. என் பில் புக் அட்டையை இதோடு ஒத்துப் பார்த்தேன். 7.20 போன் நேரத்தில் மாட்டியது. "கோர்ட்ல இருந்து" பொய்யில் மாட்டியது. "ஃபிராடு" அவமானத்தில்.

வேலையிடத்துக்கு போன் செய்யவே கூடாது என்ற நேரடி வரியை அதில் தேடினேன், இல்லை. இதைத் தெரியாமல் "ஆபீசுக்கு அடிப்பதே சட்டவிரோதம்" என்று எழுதியிருந்தால் அவர்கள் அதையே பிடித்துக்கொண்டு மற்றதை நழுவவிட்டிருப்பார்கள். அப்புறம் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த வசூல் கொள்கையைப் படித்தேன். கடன் வாங்கியவரை முதலில் அவர் சொல்லும் இடத்தில், இல்லையென்றால் வீட்டில், அங்கேயும் கிடைக்காவிட்டால்தான் வேலையிடத்தில் தொடர்புகொள்வோம் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பத்தியை அப்படியே ஒட்டி, "என் செல் நம்பரில் காலை 10 முதல் மாலை 6 வரை பேசலாம், கடை எண்ணுக்கு வேண்டாம்" என்று அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். கூடவே இன்னொன்றும் எழுதினேன்: கடனை மறுக்கவில்லை, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கட்ட முடியும் என்று. அது இல்லாத புகார் ஓடி ஒளிகிறவனின் புகார் மாதிரி தெரியும்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "சம்பந்தப்பட்ட ஏஜென்டுக்கு அறிவுரை வழங்கப்பட்டது." அன்று மாலையே புது நம்பரில் இருந்து கடைக்கு போன்.

பிறகுதான் ரிசர்வ் வங்கித் தளம். மொபைலுக்கு ஓ.டி.பி., நிறுவனத்தின் பெயர், முதல் புகாரின் தேதி, அவர்கள் பதில், என் அட்டையின் போட்டோ, ஒரு போன் பேச்சின் பதிவு. முதலாளியே அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டு, "ரெக்கார்டு பண்ணிக்க கண்ணு" என்றார். அதற்கு முந்தின ராத்திரிதான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பதிய முக்கால் மணி நேரம் ஆனது. புகார் எண் வந்தது. எந்த ஊர் அலுவலகம் விசாரிக்கும் என்பது நம் கையில் இல்லை, ஈரோட்டுக்காரன் என்று பக்கத்து அலுவலகத்தைத் தேட வேண்டியதும் இல்லை.

மூன்றாவது வாரம் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அழைத்தார், என் செல்லுக்கு, காலை 11 மணிக்கு. "சார்" போட்டார். கடை எண்ணைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டதாகவும், இனி ஒரே ஆள்தான் பேசுவார் என்றும் எழுத்தில் கொடுத்தார்கள். அபராத வட்டியில் பாதியைக் குறைத்தார்கள். சமரசமாக முடிந்தது. மன உளைச்சலுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு கொடுக்க அப்போது திட்டத்தில் இடம் இருந்தது, ஆனால் அது உச்சவரம்புதான். நான் கேட்கவில்லை, போன் நின்றால் போதும் என்றிருந்தது.

அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மீதித் தவணைகள் எல்லாம் கட்டி முடித்து, பாக்கியில்லா சான்றிதழும் வாங்கிவிட்டேன். தவறிய இரண்டு மாதம் சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவில்) அப்படியே இருக்கிறது. டூவீலர் லோனுக்குப் போனபோது ஷோரூம் பையன் திரையைத் திருப்பி அதைத்தான் காட்டினான். கல்லா மேசை போன் இன்னும் அடிக்கிறது. முதலாளி எடுத்துப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினால் வயிற்றில் ஒரு நொடி பிசைகிறது. பெரும்பாலும் யாராவது ஆயிரம் லிட்டர் டேங்க் விலை கேட்டிருப்பார்கள்.