மெனோர்க்காவா, ஃபோர்மென்டெராவா, கவ்தோஸா?

மத்தியதரைக் கடலில் கூட்டமில்லாத தீவு கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மணலைத் தொட எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? காரை விட்டு இறங்கியதும் கடல் வேண்டுமென்றால், ஆகஸ்ட் மாதத்தில் எந்தத் தீவிலும் துண்டு விரிக்க இடம் கிடைப்பது கஷ்டம்.

நடக்கத் தயார் என்பவர்களுக்கு மெனோர்க்கா. மயோர்க்காவுக்கும் இபிசாவுக்கும் போகும் கூட்டம் இந்த ஸ்பானியத் தீவை அவ்வளவாகச் சீண்டவில்லை. 1993இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தக் காலத்தில் கரையோரக் காவலுக்குக் குதிரைகள் போய்வந்த ‘காமி தே கவால்ஸ்’ என்ற பாதை 185 கிலோமீட்டருக்குத் தீவைச் சுற்றி வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு துண்டாக நடந்தால் போதும்.

தெற்குக் கரை சுண்ணாம்புப் பாறை. வெள்ளை மணல், பச்சையும் நீலமும் கலந்த நீர், கடல்வரை இறங்கிவரும் பைன் மரங்கள். மக்கரெல்லாவும் துர்க்கெட்டாவும் படங்களில் எல்லோரும் பார்த்த குடாக்கள். அதனாலேயே அங்கே கோடையில் அமைதி கிடையாது. வடக்குக் கரை வேறு உலகம். பிரெகோண்டாவில் மணல் செம்மஞ்சளாக இருக்கும். வாகனத்தை விட்டு அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். ஃபவாரிச் முனையில் மரம் கிடையாது. கறுப்பு சிலேட்டுப் பாறையும் ஒரு கலங்கரை விளக்கமும் மட்டும், நிலவில் நிற்பதுபோல. பறவை பார்ப்பவர்கள் எஸ் கிராவ் சதுப்பு நிலத்தை விட்டுவிடக் கூடாது. மாடு மேயும் வயல்களுக்கு நடுவே நிற்கும், வரலாற்றுக்கு முந்தைய தலயோட்டிக் காலக் கற்கட்டுமானங்களுக்கு 2023இல்தான் உலக மரபுப் பட்டம் கிடைத்தது.

ஃபோர்மென்டெரா சின்னது, சுமார் 83 சதுர கிலோமீட்டர். விமான நிலையம் இல்லை; இபிசாவிலிருந்து படகில் அரை மணி நேரம். இதன் சொத்து தண்ணீர்தான். போசிடோனியா என்ற கடற்புல் நீரைத் தெளிய வைக்கிறது. பாசி அல்ல, பூக்கும் தாவரம். ஒரே செடி 8 கிலோமீட்டர் பரந்திருப்பதாக 2006இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் காய்ந்த இலைகள் கரையில் குவிந்து கிடப்பதைப் பார்த்து ‘என்ன இது, கூட்டக்கூட மாட்டார்களா’ என்று முகம் சுளிக்க வேண்டாம். குளிர்கால அலை மணலை அடித்துக்கொண்டு போகாமல் தடுப்பது அந்தக் குவியல்தான். மெனோர்க்காவிலும் இதே கதை. ஆனால் ஃபோர்மென்டெராவின் பிரபலமான செஸ் இல்லெட்டெஸ் கரைக்கு எதிரே கோடையில் சொகுசுப் படகுகள் வரிசைகட்டும், அறை வாடகை எகிறும். சைக்கிளில் சுற்ற அருமையான தீவு, மே மாதத்தில். ஜூலையில் என்னைக் கூப்பிடாதீர்கள்.

உண்மையான தனிமை கவ்தோஸில். கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குத் தெற்கே, ஐரோப்பாவின் தென்கோடித் தீவு. மணல்மேட்டிலேயே வேர்விட்ட ஜூனிப்பர் மரங்கள், சரக்கினிக்கோவின் நீண்ட கரை, மூன்று துளை விழுந்த திரிபிட்டிப் பாறை. கடைகள் சொற்பம், மருத்துவ வசதியும் சொற்பம். காற்று பலமாக வீசினால் கிரீட்டின் ஸ்ஃபாக்கியாவிலிருந்து வரும் படகு ரத்தாகும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையிருப்பு வேண்டும். விடுப்பை எண்ணி எடுப்பவர்களுக்கு இது சரிப்படாது.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போவதென்றால் என் ஓட்டு மெனோர்க்காவுக்கே. செப்டம்பர் நடுவில் போங்கள். கூட்டம் கலைந்திருக்கும், கோடை முழுக்க வெயிலில் சூடேறிய கடல் மே மாதத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். பேருந்துகள் குறையத் தொடங்கும் நேரம் என்பதால் வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது. காலையில் எழுந்ததும் காற்றைப் பாருங்கள். ‘திரமுந்தானா’ என்ற வடகாற்று வீசினால் தெற்குக் கரைக்குப் போங்கள், தெற்கிலிருந்து அடித்தால் பிரெகோண்டாவுக்கு.